படத்துக்குக் கீழே இருந்த வரி

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தில், ஏறக்குறைய நாற்பது பேர் முன்னால் நின்று, ஒரு பெண்ணின் புகைப்படத்தைக் காட்டி, "இவர்தான் என் அம்மா" என்று சொன்னேன். அவர் என் அம்மா இல்லை. படத்தில் இருந்தவர் அதே அறையின் கடைசியில் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதோடு நிற்கவில்லை. படத்தில் இருப்பவர் மலைச்சரிவில் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு இறந்துபோனதாகவும் சொன்னேன்.

என் சொந்த அம்மா அன்றைக்குக் கோயம்புத்தூரில், என் தம்பி வீட்டில் சௌகரியமாக இருந்தார். காலையில்தான் போனில் பேசியிருந்தேன். காபிப்பொடியில் சிக்கரியை அதிகமாகக் கலந்துவிடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இத்தனை காலமும் இதை யாரிடமாவது சொல்லும்போது, "ஒரு உணர்ச்சி வேகத்தில்" என்று ஆரம்பிப்பேன். அது உண்மையில்லை. அந்த வேகத்துக்கு முன்னால் பல மாதத் தயாரிப்பு இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். பறித்து வந்த கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தித் தூளாக்கும் ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பு. தோட்டத்தில் அது மரியாதையான வேலை. எங்களுக்கு ஓடு போட்ட குவார்ட்டர்ஸ், வாசலில் ரோஜாச் செடி. அப்பாவின் சட்டையிலும் தலைமுடியிலும் எப்போதும் தேயிலை வாசம் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் டீ குடித்ததில்லை. காபிதான். கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைப்பார்கள். காபி என்பது எங்கள் குடும்பத்தின் தகுதி. டீ என்பது லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிகள் குடிப்பது. வந்த விருந்தாளி யாராவது தெரியாத்தனமாக "டீ இருந்தா குடுங்க" என்று கேட்டுவிட்டால் அம்மாவின் முகம் சுருங்கும். அவர் போன பிறகு, "பாவம், பழக்கம் அப்படி" என்பார்.

கொழுந்து பறிக்கும் பெண்களை நான் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாக. பச்சைச் சரிவில் வரிசையாக நகரும் தலைகள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பத்து வயதில் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் மாடியில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு வெந்நீர்க் குழாய். மூன்று மணிக்கு நான்கைந்து பேர் அங்கே கூடுவோம். சீனாக்காரர் ஒருவர் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் இலையைப் போட்டு, நாள் முழுக்க அதன் மேலேயே வெந்நீர் ஊற்றிக் குடிப்பார். ஈரான்காரர் ஒருவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, பால் விடாத டீயை அதன் வழியே உறிஞ்சுவார். இங்கிலாந்துக்காரர் ஒருவர், பாலை முதலில் ஊற்றுகிறவனையும் பிறகு ஊற்றுகிறவனையும் வைத்து அவன் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம் என்பார். அதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் முகச்சுருக்கம் ஞாபகம் வந்தது.

ஒருநாள் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தங்கள் ஊரில் மணப்பெண் மாமனார் மாமியாருக்குத் தன் கையால் டீ கொடுத்த பிறகுதான் அந்த வீட்டு மருமகள் ஆவாள் என்றார் சீனாக்காரர். பெண் கேட்டு வருகிறவர்களுக்குப் பெண்தான் டீத் தட்டோடு வர வேண்டும், கை நடுங்காமல் வருகிறாளா என்று பார்ப்பார்கள் என்றார் ஈரான்காரர். "உங்கள் ஊரில்?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான், பெண் பார்க்க வந்தவர்களுக்கு டீ கொண்டுவருவாள் என்றேன். என் மனைவி எனக்குக் கொண்டுவந்தது காபி. ஆனால் நான் தேயிலை மலையில் பிறந்தவன் என்று தெரிந்ததிலிருந்து அந்த அறையில் எனக்கு ஒரு மதிப்பு வந்திருந்தது. காபி என்று சொன்னால் அது குறைந்துவிடும் என்று தோன்றியது. அது முதல் பொய். சின்னது. யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கள் பிரிவில் கான்ட்ராக்டில் ஒரு புரோகிராமர் வந்து சேர்ந்தார். தமிழர். முப்பதைத் தாண்டியவர், கெட்டிக்காரர், அதிகம் பேசாதவர். என்னை "சார்" என்று கூப்பிடுவார். அவரும் அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். டேகேரில் விட்டிருந்த குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்ததால், ஊரிலிருந்து தன் அக்காவை ஆறு மாத விசாவில் வரவழைத்தார். அப்போது என் மனைவி மகளின் பிரசவத்துக்காக சான் ஹோசே போயிருந்தாள். "தனியாத்தான இருக்கீங்க சார், சனிக்கிழமை டீ குடிக்க வாங்க" என்று கூப்பிட்டார்.

அந்த அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. தம்பிக்கும் அவருக்கும் இருபது வருஷ வித்தியாசம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, ஸ்வெட்டருக்கு மேல் சேலை. டீயைக் கொண்டுவந்து வைத்தவர், நான் ஒரு வாய் குடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"நல்லா இருக்காது சார். தம்பி வாங்கி வச்சிருக்கான் பாருங்க, இது தூளா? ஃபேக்டரியில கூட்டி அள்ளுனது."

"அக்கா..." என்றார் தம்பி.

"என்ன அக்கா? முப்பத்தஞ்சு வருசம் பறிச்ச கைடா. மோந்து பாத்தாலே தெரியாதா?"

தம்பியின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, "சார், ப்ளீஸ், இது நம்ம சர்க்கிள்ல யாருக்கும் தெரியாது. ஊர்ல டீச்சரா இருந்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

"டீச்சராம்!" அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டுப் பார்த்தது. "எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்ததே இவன்தான் சார். நான் டீச்சராம். சாருக்கு எந்த ஊரு?"

"கோயம்புத்தூர்" என்றேன்.

அவர் வால்பாறை என்று சொன்ன பிறகும் நான் அதைத் திருத்தவில்லை. எங்கள் தோட்டம் அவருடைய தோட்டத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

அதன்பிறகு நான் எல்லாச் சனிக்கிழமையும் போனேன். கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பதினாலு வயதில் கூடை சுமக்க ஆரம்பித்தது. தம்பி பிறந்த மறுவருஷமே அம்மா தவறிப்போனது. "இவனுக்கு நான்தான் அம்மா" என்பார். மழைக்காலத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பறித்தது. அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் காலில் தடவிக்கொண்டது. இலை ஈரம் என்று சொல்லி எடையில் குறைத்தது. சாயங்காலம் விரல் மடங்காமல் சோற்றை உருட்ட முடியாமல் போனது.

வேறு கதைகளும் சொல்வார். அவர் இருக்கும் வரிசையில் வேறு யாரும் முந்த முடியாதாம். கங்காணி ஒருவருக்கு ஒரு பெண்ணிடம் வாய் நீண்டபோது, அக்கா அந்த ஆளின் குடையை வாங்கி ஓடையில் எறிந்துவிட்டு, "காத்து அடிச்சிடுச்சுங்க ஐயா" என்றாராம். வீட்டுக்குப் போய் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். அந்தக் குறிப்பேட்டில் குடை இல்லை. சிரிப்பு வந்த எதையும் நான் எழுதிவைக்கவில்லை. எதற்காக எழுதினேன் என்று அப்போது என்னையே கேட்டிருந்தால், "சும்மா" என்று சொல்லியிருப்பேன்.

அவர் டீ குடிப்பதே தனி. பால் விடாத டீ. வெல்லத்தை ஒரு கட்டி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குடிப்பார். ஆட்கள் முன்னால் அப்படிக் குடிக்கக் கூடாது என்று தம்பி சொல்லியிருந்தாராம். எங்கள் ஆபீசில் ஈரான்காரர் ஒருவரும் அப்படித்தான் குடிப்பார் என்று சொன்னேன்.

"அவங்களும் எஸ்டேட்டா சார்?"

"இல்லக்கா. பெரிய விஞ்ஞானி."

"கேட்டியாடா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "அவங்க ஊருல விஞ்ஞானியே நம்மள மாதிரிதான் குடிக்கிறாராம். நீ என்னமோ மறைச்சு வைக்கிற!"

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் 'உலகத்தில் டீ' என்று ஒரு மதிய நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார்கள். பேச முடியுமா என்று நூலகர் கேட்டார். ஐம்பது வயது அமெரிக்கப் பெண்மணி, மிகவும் நல்லவர். நான் ஒப்புக்கொண்டேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் கையாலேயே டீ கொடுக்கலாம் என்று எனக்கு யோசனை. அக்காவிடம் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பெட்டியிலிருந்து ஒரு புகைப்படத்தையும் எடுத்துக் கொடுத்தார். கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு. இருபத்தைந்து வயதில் அவர், நெற்றியில் கூடைக் கயிறு, இரண்டு கையும் செடியின் மேல். தோட்டத்துக்குக் காலண்டர் போட வந்த படக்காரர் எடுத்தது, காலண்டரில் வராமல் போனது.

"சின்ன வயசுல என்னை யாரும் வேற படம் புடிக்கல சார். பத்திரம்" என்றார்.

தம்பி தயங்கினார். "நம்ம ஆளுங்க யாராவது வந்தா..." என்றார். நம்மவர்கள் யாரும் நூலகத்துக்கு வரமாட்டார்கள் என்று நான் தைரியம் சொன்னேன். நிகழ்ச்சியன்று அவர் அக்காவை நூலகத்தில் இறக்கிவிட்டுவிட்டு, குழந்தையை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார். ஆக அந்த அறையில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நன்றாகத் தயார் செய்துதான் போயிருந்தேன். சீனா, ஜப்பான், ரஷ்யாவில் நடுக்கூடத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் பெரிய பாத்திரம், மொராக்கோவில் உயரத்திலிருந்து ஊற்றும் புதினா டீ. பத்து நிமிஷத்தில் முன் வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு அம்மாள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவசரமாக இந்தியாவுக்கு வந்து, அக்காவின் படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினேன். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. கைப்பை அம்மாள் தலையைத் தூக்கி, "அழகான முகம். உங்கள் அம்மாவா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் ஆமாம் என்றேன்.

பிறகு குறிப்பேட்டில் இருந்த அத்தனையும் வந்தது. அட்டை, சாக்கு, மடங்காத விரல். படிக்கவைத்த கதை. தம்பியைப் படிக்கவைத்த அக்காவை, மகனைப் படிக்கவைத்த அம்மாவாக மாற்ற எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியாமல், முடிப்பதற்காகவே அவரைச் சாகடித்தேன். கைப்பை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்கடிகாரக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் வரிசையாகப் போய் டீ வாங்கிக்கொண்டார்கள். திரையில் அந்த முகம் அப்படியே இருந்தது. அதே முகம் அவர்களுக்குக் கோப்பையை நீட்டியது. ஒருவரும் கவனிக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பி வந்தார்கள்.

காரில் வரும்போது அக்கா கேட்டார். "என்ன சார் சொன்னீங்க? அம்புட்டுப் பேரும் அழுதாங்களே!"

"தோட்டத்துல இருக்கறவங்க கஷ்டத்தப் பத்திச் சொன்னேன்."

"என் படத்தப் போட்டு?"

"ஆமாக்கா."

"எங்க கஷ்டத்துக்கு இந்த ஊர்ல அழுவாங்கன்னு நான் நெனச்சதே இல்ல" என்றார். முகத்தில் அவ்வளவு நிறைவு. நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

படத்தைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நூலகர் கேட்டு வாங்கியிருந்தார். அங்கிருந்து அது உள்ளூர் வாரப் பத்திரிகைக்குப் போனது. வீட்டு வாசலில் இலவசமாக எறிந்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரிப் பத்திரிகை. அடுத்தடுத்த வாரங்களில் நான் போய் படத்தைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். நூலகரின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் கட்டுரை வந்தது. அரைப் பக்கம். நடுவில் அக்காவின் படம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயரும், 'மறைந்த தாயார், தேயிலைத் தொழிலாளி' என்ற வரியும்.

திங்கட்கிழமை காலை தம்பி என் இடத்துக்கு வந்தார். "சார், ஒரு நிமிஷம் கீழ வாங்க" என்றார். பார்க்கிங் லாட்டில், தன் காருக்குப் பக்கத்தில் நின்று, மடித்த பத்திரிகையைப் பிரித்தார்.

"எங்கக்கா உங்களுக்கு எப்ப சார் அம்மாவானாங்க?"

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கேள்வி அப்படி வந்தது, சமாளிக்க வேண்டியதாயிற்று, என்று.

"நீங்க எக்ஸ்ப்ளெய்ன் பண்ண வேண்டாம்" என்றார். குரல் உயரவில்லை. "நானும் மறைச்சேன். வெக்கப்பட்டுத்தான் மறைச்சேன், ஒத்துக்கறேன். ஆனா நான் டீச்சர்னு பொய் சொன்னப்பவும் அவங்கள உயிரோடதான் வச்சிருந்தேன்."

காரில் சாய்ந்து நின்றிருந்தேன். ஆபீசுக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

"நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றார். "நீங்களே வந்து சொல்லுங்க. தமிழ்ல."

அந்தச் சனிக்கிழமை போனேன். வழக்கம்போல டீ வந்தது. குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். பத்திரிகையை மேசையில் விரித்து, படத்துக்குக் கீழே இருந்த வரியைத் தமிழில் சொன்னேன். நூலகத்தில் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். தம்பி சுவரில் சாய்ந்து நின்றார்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு என்ன சீக்கு வந்துச்சு?" என்று கேட்டார்.

"காய்ச்சல்."

"மழையில நனைஞ்சா?"

"ஆமாக்கா."

"அந்த மழையில நனைஞ்சு எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல" என்று சிரித்தார். நானும் முட்டாள்தனமாகக் கொஞ்சம் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. சிரிப்பு நின்ற பிறகு அக்கா கேட்டார். "எல்லாம் சரி. அன்னிக்கு அந்தம்மாங்க அழுதாங்களே. எனக்கா அழுதாங்க, உங்கம்மாவுக்கா?"

அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"உங்கம்மா எங்க பறிச்சாங்க?"

அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "அம்மா பறிக்கல. நானும் வால்பாறைதான். எங்கப்பா..." தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "அங்க டீமேக்கர்."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

யோசித்து எழுந்ததல்ல அது. கால் தானாக எழுந்தது. சேலைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டார். "டீமேக்கர் ஐயா மகனா?" என்றார். அதுவரை சனிக்கிழமைதோறும் என் எதிரில் காலை மடக்கி சோபாவில் உட்கார்ந்து பேசியவர்.

"அக்கா, உக்காரு" என்றார் தம்பி.

"உக்கார்றேன்."

"உக்காருக்கா!" அவர் குரல் அப்போதுதான் உடைந்தது.

"பழக்கம்டா" என்றார் அக்கா. உட்காரவில்லை. நானும் எழுந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் மூவரும் நின்றோம். சின்ன வயதில் ஜன்னல் வழியே பார்த்த மாதிரியான தலைகளில் ஒன்று எனக்கு எதிரே இரண்டடியில் இருந்தது. உட்காருங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

"படத்தக் குடுத்துருங்க ஐயா" என்றார். "எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு." சார் என்பது போய்விட்டது.

படத்துக்காக நூலகத்துக்குப் போனேன். பத்திரிகை ஆபீசிலிருந்து திரும்பி வரவில்லை என்றார்கள். பத்திரிகை ஆபீசுக்கு மூன்று முறை போனேன். முன் அறையில் இருந்த பெண் எனக்காக இரண்டு அலமாரிகளைக் காலி செய்தே தேடினார். யாரும் கேட்டு வராத படங்களைக் கழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். உறவினர் படமா என்று இரக்கத்தோடு கேட்டார். இல்லை என்றேன். அந்த வார்த்தையைச் சரியான இடத்தில் சொல்லத் தவறியவன், அங்கே அதைச் சுலபமாகச் சொன்னேன். நூலகத்தில் திரையில் காட்டுவதற்காக நான் எடுத்திருந்த நகலிலும் முகம் கலங்கிப் புகைபோல இருந்தது. தெளிவாக மிஞ்சியது அந்தப் பத்திரிகைத் தாள் மட்டும்தான்.

திருத்தம் வெளியிடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். வெளியிட்டார்கள், உள்பக்கத்தில், பழைய சாமான் விற்பனை விளம்பரங்களுக்கு மேலே, மூன்று வரி. படம் போடவில்லை. நூலகத்தில் அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிப் பேசினேன். படத்தில் இருந்தவர் என் அம்மா அல்ல, உயிரோடு இருக்கிறார், அன்றைக்கு உங்களுக்கு டீ கொடுத்தவர் அவர்தான் என்றேன். பாதிப் பேர் முன்பு வராதவர்கள், எதற்காக இதைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. கைப்பை அம்மாள் வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, "யாருக்காவது அது உண்மைதானே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவ்வளவு சுலபமாக மன்னிக்கப்பட்டது எனக்கு அவமானமாக இருந்தது. நூலகர் மட்டும் என் பக்கம் வராமல் நாற்காலிகளை மடித்தார். பிறகு என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அது நியாயம்.

மறுபடி அதே மேடையில் அக்காவே பேசட்டும், நான் மொழிபெயர்க்கிறேன் என்று தம்பி மூலம் சொல்லியனுப்பினேன். "உங்க வாய் வழியா மறுபடியுமா?" என்று அக்கா கேட்டதாகப் பதில் வந்தது.

அவர் ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழைக்காமலே போனேன். கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. தம்பி கதவைத் திறந்துவிட்டுப் பெட்டியின் எடையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அங்கங்கே தேடிப் பிடித்த அந்தப் பத்திரிகையின் இருபது பிரதிகளையும் ஒரு உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். படம் தொலைந்துவிட்டது என்பது அவருக்கு முன்பே தெரியும். இருந்தாலும் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் நின்றுகொண்டே உறையைப் பிரித்தார். ஒரே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். சமையலறையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்தார். மேசை மேல் தாளை வைத்து, குனிந்து, படத்தை ஓரம் பிசகாமல் வெட்டினார். அந்தக் கை இவ்வளவு வேகமாக, இவ்வளவு நிதானமாக வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். படத்தை ஒரு பாலிதீன் உறையில் போட்டுப் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே வைத்தார். கீழே இருந்த வரி ஒரு விரல் நீளத் துண்டாக மேசையில் கிடந்தது. அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது உங்களுது ஐயா. அது என்னுது" என்றார்.

டீ குடிக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. வந்தவரை அப்படி அனுப்புகிறவர் அல்ல அவர்.

தம்பி அந்த ஆண்டே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் நடந்த பொங்கல் விழாவில், யாரோ "ஊருக்குப் போன உங்க டீச்சர் அக்கா சௌக்கியமா?" என்று விசாரித்தபோது, "டீச்சர் இல்லீங்க, எஸ்டேட்ல கொழுந்து பறிச்சாங்க, என்னைப் படிக்க வச்சாங்க" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாராம். நான் அங்கே இல்லை. பிறர் சொல்லிக் கேட்டேன். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அவர் பதில் எழுதவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் வேலையை விட்டு, மகளோடு இருக்க சான் ஹோசேவுக்கு வந்துவிட்டோம். அதற்கு முந்தின வருஷம் அம்மா காலமானார். கடைசிவரை அவரிடம் இதைச் சொல்லவில்லை. நூலகத்தில் பேசினாயாமே, எதைப் பற்றி என்று ஒருமுறை போனில் கேட்டார். டீயைப் பற்றி என்றேன். "டீயப் பத்திப் பேச என்னடா இருக்கு?" என்றார்.

அந்தத் துண்டு என் கடிதப் பெட்டியில் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது, எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே படம் இல்லாததால், புதிதாகப் பார்க்கிறவர்கள் அதை என் அம்மாவுக்கான இரங்கல் குறிப்பு என்றுதான் நினைப்பார்கள்.